மேட்டு லயத்துக்கு விழுந்த பூ

இன்று காலை எங்கள் மெர்கோங் தெருவுக்குக் கொசுப்புகை அடிக்க வந்தார்கள். "மக்சிக், பிந்து தூத்துப்!" என்று ஒரு மலாய்ப் பையன் வாசலில் நின்று கத்தினான். கதவைச் சாத்தச் சொல்கிறானாம். கதவைச் சாத்தினேன், சன்னலை மறந்துவிட்டேன். வெள்ளைப் புகை சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. அந்த எண்ணெய் வாடை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த தேநீரை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யுத்தத்துக்கு முன்னால் நம் தோட்டத்துக் கால்வாய்களில் வாரந்தோறும் கொசு எண்ணெய் தெளிப்பார்களே, கிட்டத்தட்ட அதே வாடை.

உனக்கு இதுவரை நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் திட்டுத்தான் வரும் என்று தெரியும். இன்றைக்கும் வரும். எனக்கு இப்போது ரத்தக் கொதிப்பு வேறு இருக்கிறது, அதனால் மெல்ல மெல்லத்தான் திட்ட வேண்டும்.

பாடாங் செராய்க்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தில் நமக்கு ஒரே வயது. ஆனால் நீ தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரின் மகள். பட்டணத்துக் கன்னிமாடப் பள்ளியில் இங்கிலீஷ் படித்தவள். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாவதோடு நின்று, அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவள். ஜப்பான்காரன் வந்து உன் பள்ளியை மூடியிருக்காவிட்டால் நீ என்னோடு உட்கார்ந்து பேசியிருப்பாயா என்பதே சந்தேகம். நீ ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தாய். வந்த வாரமே கூடப் படிக்க ஆள் பிடிக்கத் தொடங்கிவிட்டாய். முதலில் என்னைப் பிடித்தாய். அடுத்து, கூலிகளின் வீட்டு வரிசையான பள்ளத்து லயத்தில் இருந்த வேலுவை. பால் நிறுக்கிற இடத்தில் தோட்டத்துக் குமாஸ்தா, அந்தக் கிராணி, கணக்கைக் கூட்டி முடிப்பதற்குள் வாயாலேயே விடை சொல்லிவிடுவானே, அந்த வேலு.

"காலேஜ் என்னிக்காவது திறக்கும். திறக்கிறப்போ நம்ம தோட்டத்துலேர்ந்து ஒரு ஆளாவது வாசல்ல நிக்கணும்" என்றாய்.

"மூணு பேரும் நிப்போம்னு சொல்லேன்டி" என்றேன்.

"மொதல்ல ஒரு ஆளு" என்றாய். உனக்கு அப்போதே ஆசையைக்கூட அளந்துதான் போடத் தெரியும்.

மத்தியானம் வேலை முடிந்து ரப்பர் பால் வாடையோடு ஆஸ்பத்திரியின் பின்பக்கம் வந்து உட்காருவோம். ரப்பர் பாலில் ஏன் புளித்த காடி ஊற்றினால் கட்டுகிறது, இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, காய்ச்சல்காரனுக்கு ஏன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் எடுக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். விடை சொன்னாலும் விடமாட்டாய். "எப்படித் தெரியும்?" என்பாய். "புஸ்தகத்துல போட்டிருக்கு" என்றால், "புஸ்தகம் எழுதுனவனுக்கு எப்படித் தெரியும்?" என்பாய். ஒரு நாள் நான் அழுதேவிட்டேன். வேலு என்னைத் தேற்றினான். "அழுவாத பாக்கியம். ஜப்பான்காரன்கூட ஒரு தடவ கேட்டுட்டு அறைஞ்சுட்டுப் போயிடறான். இவ விடவே மாட்டா" என்றான். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

பிறகு லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி, வேலு வயதுப் பையன்களை மட்டும் விட்டுவிட்டு ஆண்களை ஏற்றினார்கள். காய்ச்சல் பார்க்க ஆள் வேண்டும் என்று உன் அப்பாவையும் ஏற்றினார்கள். கோயில் பூசாரியைக்கூட விடவில்லை. போனவர்கள் யாரும் திரும்பவில்லை. டிரெசர் வீட்டை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். நீயும் உன் அம்மாவும் பள்ளத்து லயத்தின் கடைசி அறைக்குக் குடிவந்தீர்கள். மருந்தில்லாத அந்த ஆஸ்பத்திரி உன் தலையில் விழுந்தது. அன்று முதல் தோட்டம் உன்னை மிஸ்ஸி என்று கூப்பிடத் தொடங்கியது. உனக்கு அந்தப் பெயர் கொஞ்சம் பிடித்திருந்தது, மறுக்காதே.

அடுத்து வந்த உத்தரவு மரவள்ளி. அரிசி கிடையாது, ஆகவே ஓடைக்கரை வரைக்கும் காட்டை வெட்டி மரவள்ளி போட வேண்டும். இரண்டு லயத்தையும் தொட்டுக்கொண்டு போகும் அந்த ஓடையின் இரு கரையிலும் ஆள் உயரப் புதர், பெரணிச் செடி, கவிந்து நிற்கும் மரங்கள். எல்லோருக்கும் சந்தோஷம்தான். புதர் போனால் கொசுவும் போகும் என்று யாருக்குத்தான் தோன்றாது? பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு பெண்களும் பிள்ளைகளும் இறங்கினோம். நீயும்தான் வெட்டினாய். கரை மழித்துவிட்ட மாதிரி சுத்தமாகிவிட்டது. ஓடை வெயிலில் பளபளவென்று ஓடியது. நான் அதைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொன்னேன்.

அதற்குப் பின் வந்த காய்ச்சலை நம் தோட்டம் அதற்கு முன்பு பார்த்ததில்லை. வீட்டுக்கு வீடு ஆள் படுத்துவிட்டது. பால் வாளி தூக்க ஆளில்லை. கொசுவை ஒழித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நீதான் அகப்பையை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாய். வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீரை ஊற்றி என் மூக்குக்குக் கீழே நீட்டினாய்.

"இந்தப் புழு எப்படி இருக்கு, சொல்லு."

"தண்ணி மேல மட்டமாப் படுத்திருக்கு."

"சாக்கடையில பாப்போமே, அது?"

"அது தலைகீழாத் தொங்கும்."

"தொங்குறது வெறுங்கொசு. படுத்திருக்கிறதுதான் காய்ச்சல் கொசு. இதுக்கு இருட்டு ஆகாது, நல்ல தண்ணியும் வெயிலும் வேணும்." தட்டைக் கீழே வைத்தாய். "நாமதான்டி வெயிலக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கோம்."

எத்தனை ஆசையாக வெட்டினோம்!

ஜப்பான்காரனுக்காகத் தோட்டத்தை நடத்திய கிராணியார் நம்பவில்லை. நம் ஊர்க்காரர்தான், கெட்டவரும் இல்லை, ஆனால் ஜப்பான்காரன் நிழலைப் பார்த்தாலே குனிந்துவிடுவார். "பொதர் இருந்தாத்தான் கொசு, பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். ஓடைய மூடுனா மரவள்ளிக்கு வெயில் எங்கேர்ந்து வரும்? அவன் பாத்தா என் தலை போயிடும் மிஸ்ஸி" என்றார். நீ விடவில்லை. ஒரு லயத்துப் பக்கம் மட்டும் மூங்கில் நட்டு அத்தாப்புக் கீற்றால் ஓடையை மூடிக்காட்டுகிறோம். அந்த லயத்தில் காய்ச்சல் குறைந்து மற்றதில் குறையாவிட்டால் அதையும் மூட விடுங்கள் என்றாய். அவர் தாடையைச் சொறிந்தார். பிறகு, "ஒரு பக்கந்தான். சோதனைன்னு வெளியில மூச்சு விடக்கூடாது" என்றார்.

எந்தப் பக்கம் என்பதில்தான் தோட்டம் இரண்டாகப் பிரிந்தது. மேட்டு லயத்தில் நாங்கள். பள்ளத்து லயத்தில் நீயும் வேலுவும். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு குடும்பம், ஒரே அளவு காய்ச்சல். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் முடியைப் பிடித்துக்கொள்ளாத குறை. நீ எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாய். ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டு பக்கத்தில் எதற்கு வைத்தியம் என்பதை யாருடைய ஆசையும் முடிவு செய்யக்கூடாது; ஆசை உள்ளே வந்துவிட்டால் வருகிற முடிவு உண்மையா, ஆசையா என்று பிரிக்க முடியாது என்றாய். அப்புறம் திடீரென்று உன் முகம் மலர்ந்தது.

"பூக்கட்டிப் பாக்கிறோமே! கல்யாணத்துக்கும் நோய்க்கும் அம்மன்கிட்ட கேக்கிறோமே, அதுதான்டி இது. நம்ம ஜனங்களுக்கு இத நான் புதுசாச் சொல்லித்தரவே வேண்டாம்."

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் இரண்டு லயமும் கூடியது. வெள்ளைப் பூ வந்தால் மேட்டு லயம், சிவப்பு வந்தால் பள்ளத்து லயம். பூசாரி இல்லாததால் கன்னிப்பெண் கட்டட்டும் என்றார்கள். நீதான் கட்டினாய். வாழையிலைத் துண்டில் பூவை வைத்து மடித்து நூல் சுற்றி, இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் போட்டாய். ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னோம். அவள் எடுத்த பொட்டலத்தில் நந்தியாவட்டை இருந்தது. எங்கள் பக்கம் குலவை போட்டார்கள். மற்றப் பொட்டலத்தை நீயே எடுத்து, அம்மன் வேண்டாம் என்றதைப் பிரிக்கக்கூடாது என்று சொல்லி ஓடையில் விட்டாய். பள்ளத்து லயத்தில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அம்மன் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன பேச்சு? வேலு மட்டும் என் காதில், "ஒங்க லயத்துப் பொங்கல்ல வெல்லம் ஜாஸ்தி, அதான் அம்மன் அந்தப் பக்கம் சாஞ்சிருச்சு" என்றான்.

மூங்கில் நட்டோம், கீற்று வேய்ந்தோம். வாரந்தோறும் இரண்டு பக்கமும் அகப்பையால் மொண்டு புழு எண்ணினோம். பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, காய்ச்சலில் மண்ணீரல் வீங்கி வரும் இடப்பக்கக் கட்டி வளர்கிறதா, கரைகிறதா என்று பார்க்க நீ எனக்குக் கற்றுத்தந்தாய். கீற்றின் கீழே புழு அருகிக்கொண்டே வந்தது. மேட்டு லயத்தில் பிள்ளைகள் எழுந்து நடந்தார்கள், பசிக்கிறது என்று அழுதார்கள். கட்டி கரைகிறது என்று விரலால் உணர்ந்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் இன்றும் நினைவிருக்கிறது. ஆராய்ச்சி என்றால் என்ன என்று எனக்கு உடம்பால் தெரிந்த நாள் அது. உடனே பள்ளத்து லயத்துக்கு இறங்கி வர வேண்டும். அங்கே வயிறுகள் கல்லாக இருக்கும். பெரியசாமி அண்ணன் சயாமிலிருந்து திரும்புவார் என்று காத்திருந்த வீட்டில் அவருடைய கடைசிப் பிள்ளை போய்விட்டது. அதற்கடுத்து அதே வரிசையில் இன்னொரு பிள்ளை. அடுத்து வேலு படுத்தான். அடுத்து நீ.

நான் கிராணியார் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன். என் வாழ்க்கையில் பெரியவர்களிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து என்னோடு நடந்தார். மேட்டு லயத்தில் பிள்ளைகளின் வயிற்றைத் தானே தொட்டுப் பார்த்தார். பள்ளத்து லயத்தில் மூன்றாவது வீட்டுக்கு மேல் அவரால் போக முடியவில்லை. "மூடுங்கம்மா. மரவள்ளிய பன்னி தின்னுருச்சுன்னு நான் அவன்கிட்ட சொல்லிக்கிறேன்" என்றார். ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். நீ கோணியைப் போர்த்திக்கொண்டு கிடந்தாய். பல் அடித்துக்கொண்டிருந்தது. உன் அம்மா வெந்நீர் வைக்க வெளியே போயிருந்தார்.

"ஒத்துக்கிட்டாரா? அப்ப முடிஞ்சுது" என்றாய். "முடிவ எழுதுறப்போ எப்படிச் செஞ்சோம்ங்கறதையும் மறைக்காமச் சொல்லணும். இல்லாட்டி அது முடிவே இல்ல. கேட்டுக்கோ. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான் வச்சேன்."

முதலில் ஜுரத்தில் உளறுகிறாய் என்று நினைத்தேன். நீ உளறவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏன்டி?" என்றேன்.

"ஒரு பக்கம் எப்படியும் வெயில்லதான் கெடக்கணும். மேட்டு லயத்துல நீ இருக்கே."

"பள்ளத்துல நீ இருக்கியே! வேலு இல்லையா? அவன் என்னவிடக் கெட்டிக்காரன்டி!"

"அவன் ஆம்பள. இன்னிக்கோ நாளைக்கோ லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போயிடும். நானும் அந்தப் பக்கமே நின்னாத்தான் நியாயம். மிஞ்சுறது நீதான். ஒரு ஆளாவது நிக்கணும்னு சொன்னேனே."

"செத்துப்போன புள்ளைங்க?"

நீ கண்ணை மூடிக்கொண்டாய். "அது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாய்.

யாருடைய ஆசையும் நுழையக்கூடாது என்று எனக்குச் சொல்லித்தந்த வாய் அது. அம்மன் முன்னால், இரண்டு லயமும் கைகூப்பி நிற்கும்போது, உன் ஆசையை இலையில் மடித்து நூல் சுற்றியிருக்கிறாய். உனக்கு யார் அந்த உரிமையைக் கொடுத்தது? பெரியசாமி அண்ணி பூவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாரே, அவரிடம் கேட்டாயா? என்னிடம் கேட்டாயா? அன்று இதையெல்லாம் நான் கேட்கவில்லை. நழுவிய கோணியை இழுத்து உன்மேல் போர்த்திவிட்டேன்.

அந்த வாரமே லாரி வந்தது. இந்த முறை பையன், பெரியவன் என்று பார்க்காமல், ஆண் யாராக இருந்தாலும் ஏறு என்றார்கள். வேலுவை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். அவன் குளிரில் உதறி, நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்துக் கீழே விழுந்தான். ஜப்பான்காரன் பூட்ஸ் காலால் அவனைப் புரட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கையை ஆட்டினான். லாரி போய்விட்டது. மேட்டு லயத்தில் காய்ச்சல் தெளிந்து திடமாக நின்ற பையன்களைத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாம் கீற்று வேய்ந்து காப்பாற்றிய பையன்கள்.

உன்னிடம் வந்து சொன்னேன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லத்தானே நீ பழக்கியிருந்தாய். அதனால் எதையும் குறைக்காமல் சொன்னேன்.

"அப்ப நான் போட்ட கணக்கு தப்புடி" என்றாய். உன் முகத்தில் இருந்த திகைப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு குழந்தை விழித்துப் பார்ப்பது போலப் பார்த்தாய். அதற்குப் பிறகு நீ தெளிவாகப் பேசவில்லை. கீற்று பள்ளத்து லயத்து ஓடைக்கும் வந்து சேர்ந்தபோது நீ இல்லை, உன் அறையில் விளக்கு மட்டும் எரிந்தது.

யுத்தம் முடிந்தது. உன் தகரப் பெட்டியை உன் அம்மா என் அம்மாவிடம் கொடுத்தார். உன் பள்ளியிலேயே, என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சை எழுதினேன். சிங்கப்பூர் போனேன். பட்டம் வாங்கினேன், அதற்கு மேலும் வாங்கினேன். மலையோடைகளில் தட்டும் அகப்பையுமாக ஆயுள் போயிற்று. பாதையில் எங்கேயும் நான் தனியாக நடந்ததாக ஞாபகம் இல்லை. பள்ளத்து லயத்தில் செத்துப்போன அந்த இரண்டு பிள்ளைகளும் கூடவே வந்தார்கள்.

வேலு குருணில் கணக்கு வாத்தியாராகி ஓய்வு பெற்றான். ஒரு தீபாவளிக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டான். ஆற்றி ஆற்றித் தேநீர் பச்சைத் தண்ணீராகிவிட்டது. கடைசியில், "எம்மேல அவளுக்குக் கொஞ்சமாச்சும் ஆச இருக்கும்னு நெனச்சேன்" என்றான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தப்பாப் போட்ட கணக்குலயும் என்னையக் காப்பாத்திட்டா பாரு, கெட்டிக்காரி" என்றான்.

என்னிடம் இன்னமும் பிள்ளைகள் வருகிறார்கள். கூலிம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து, குருண் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களின் வீடுகளிலிருந்து. ஆராய்ச்சிப் படிப்புக்கு எந்தப் பேராசிரியரைப் பார்ப்பது, என்ன கேள்வியை எடுத்துக்கொண்டு போவது என்று கேட்பார்கள். நான் "எப்படித் தெரியும்?" என்று கேட்டுக் கேட்டு அழவைப்பேன். உன் ஆள்பிடிக்கும் புத்தி எனக்கும் தொற்றிவிட்டது. ஆனால் என்னிடம் ஒரு கட்டளை உண்டு. எந்தக் கம்பத்துக்கு, அதாவது எந்தக் கிராமத்துக்கு, முதலில் கொசுவலை, எந்தக் கம்பம் காத்திருக்க வேண்டும் என்று குலுக்கிப் போடும்போது, அந்த மக்களைத் தெரிந்தவர் யாரும் சீட்டைத் தொடக்கூடாது. எடுத்த சீட்டு, எடுக்காத சீட்டு இரண்டையும் எல்லார் முன்னிலையிலும் பிரித்துக் காட்ட வேண்டும். காத்திருக்கிறவர்களிடம் நேரில் போய், அவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும்.

போன மாதம் ஒரு பெண் சலித்துக்கொண்டாள். டாக்டர் பட்டத்துக்குப் போகிறவள், துடுக்கானவள். "இப்பல்லாம் கம்ப்யூட்டரே செஞ்சிரும்லா டாக்டர். எங்கள நம்பமாட்டீங்களா? நாங்க எதுக்கு ஏமாத்தப் போறோம்?"

"ஏமாத்துறவங்கதான் ஏமாத்தணும்னு இல்லம்மா" என்றேன். "அந்தக் கம்பத்துல உனக்கு யாரையாச்சும் புடிச்சிருந்தாப் போதும்." அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சொன்னபடி செய்தாள்.

உன்மேல் எனக்குள்ள கோபம் ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றே வைத்திருக்கிறேன். பள்ளத்து லயத்துப் பிள்ளைகளுக்காக இத்தனை வருஷம் கழித்தும் கோபப்பட ஓர் ஆளாவது உயிரோடு இருக்க வேண்டும். அந்த ஓர் ஆளாக என்னைப் பொறுக்கி எடுத்தவள் நீதான்.